ரேடியேட்டரில் மஞ்சள்

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதுமே சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியதை அலெக்ஸ் பார்த்துவிட்டான். மனைவியிடம் சொல்லவில்லை. ஏசியை நிறுத்திவிட்டு, "வெளிக்காத்தே நல்லாத்தான் வருது" என்று கண்ணாடியை இறக்கினான்.

பக்கத்து சீட்டில் ஆரோக்கியசெல்வி உதட்டுக்குள் எதையோ மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். குரூப் ஃபோர் தேர்வு. மையம் திண்டிவனத்தில் விழுந்திருந்தது. ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள். போன தடவை மயிரிழையில் தவறிப்போன தேர்வு இது.

ஊரான காணையிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றுதான் அவள் சொன்னாள். அலெக்ஸ் கேட்கவில்லை. "சொந்தமா வண்டி வச்சிக்கினு எதுக்குத் தொங்கிக்கினு போவணும்?" என்றான். அவர்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அது. பதினாலு வருசத்துப் பழசு. கொத்து வேலையில் சேர்த்த பணத்தில் எண்பத்தையாயிரம் கொடுத்து, விழுப்புரத்தில் ஒரு புரோக்கரிடம் வாங்கினான். வாங்கின கொஞ்ச நாளிலேயே ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. காலையில் செல்வி எழுவதற்கு முன் ஒரு பாட்டில் ஊற்றி வைத்துவிடுவான். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, எதோ கருகுற மாதிரி இருக்குது?" என்று செல்வி தலையை நிமிர்த்தினாள்.

அவன் பதில் சொல்லுமுன் பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. வண்டி இரண்டு தரம் உதறியது. கூட்டேரிப்பட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கே ஓட்டிப்போய்விடலாமா என்று அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

"நிறுத்துங்க! தீப்புடிச்சிக்கப் போவுது!"

ஓரம் கட்டினான். லாரிகள் காற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. பானெட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. டிக்கியிலிருந்து தண்ணீர் கேனை எடுத்து வந்தான். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடிமேல் வைத்தான்.

"ஆறட்டுங்க. இப்பத் தொறக்காதீங்க."

"ஆறுற வரைக்கும் கேட்டைத் தொறந்து வச்சிக்கினு இருப்பானா?"

பாதி திருகியதும் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு, வலது கையில் முழங்கை வரைக்கும் பட்டது. அலெக்ஸ் அப்படியே குந்திவிட்டான். செல்வி குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவன் கைமேல் ஊற்றினாள். தோல் சிவந்து, பார்க்கப் பார்க்கக் கொப்பளித்தது.

"நீ போ," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எதுனா ஒரு வண்டிய நிறுத்தி ஏறிப் போ."

எழுந்து போய் இடது கையை ஆட்டினான். பஸ் ஒன்று நிற்காமல் போனது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் போனது. கடைசியில் சின்ன லோடு வண்டி ஒன்று நின்றது. விழுப்புரம் மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு மரக்காணத்துக்குத் திரும்புகிற சுப்புராயன் ஓட்டி வந்தார். பக்கத்தில் அவர் மனைவி தேவகி.

"அண்ணே, எம் பொண்டாட்டிக்குப் பரிச்ச. ஒம்போது மணிக்குள்ள திண்டிவனம் போயாவணும்."

"அந்த வழியாத்தான் போறோம். ஜல்தி ஏறும்மா," என்றார் சுப்புராயன். தேவகி நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

செல்வி ஒரு காலை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "இந்தக் கையோட உங்கள நடு ரோட்ல உட்டுட்டு எப்பிடிங்க…"

"நீ எழுதாம போனீன்னா இந்த எரிச்சல் எனக்கு எப்பவும் ஆறாது. ஏறு செல்வி."

ஏறினாள். வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து போன் அடித்துப் பார்த்தான். மணி போனது, எடுக்கவில்லை. தேர்வறைக்குள் போனால் போனை அணைத்துத்தான் வைக்க வேண்டும். மணி போகிறதென்றால் இன்னும் உள்ளே போகவில்லை. ஒன்பது மணி ஆகும்போது மறுபடியும் அடித்தான். மணி போனது. அதற்கப்புறம் அடித்தபோது, சுவிட்ச் ஆஃப் என்று சொன்னது. அந்தக் குரலைக் கேட்டு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோசப்பட்டான். உடனே வேறு பயம் பிடித்துக்கொண்டது. கேட்டைச் சாத்திவிட்டிருந்தால், கோபத்தில் அவளே அணைத்திருக்கலாமே?

அலெக்ஸ் விசாரித்து வரவழைத்த கூட்டேரிப்பட்டு மெக்கானிக் தாண்டவராயன், தெரிந்த ஒருவரின் டிராக்டரில் கயிறு கட்டி வண்டியைத் தன் பட்டறைக்கு இழுத்துப் போனார். ரேடியேட்டரைக் கழற்றி அடியில் இருந்ததைத் தட்டில் வடித்தார். மஞ்சளாகச் சேறு போல ஒழுகியது.

"மஞ்சத்தூளு தம்பி. ஓட்டையை அடைக்கிறதுக்கு வித்தவங்க கொட்டியிருக்காங்க. வித்து முடிக்கிற வரைக்கும் தாங்கும். அப்பறம் இதுவே உள்ள போய் அடைச்சிக்கும்."

"எவ்ளோ ஆவுங்க?"

"வாட்டர் பம்ப்பு ஒழுவுது, மாத்தணும். ஹெட் கேஸ்கட்டு போயிட்சி. எஞ்சினுக்கு மேல மூடி மாதிரி இருக்குற ஹெட்டு வளைஞ்சிருந்தா லேத்துப் பட்டறையில குடுத்து சீவணும். எப்பிடியும் இருவதாயிரத்துக்குக் கொறையாது. விரிசல் உட்டிருந்தா வேற ஹெட்டு தேடணும். அப்ப முப்பத்தஞ்சு, நாப்பதுன்னு போயிடும்."

"விரிசல் இருக்குதா?"

"தொறந்தாத்தான் தெரியும்."

அலெக்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கை எரிந்தது. இந்தக் கையால் எத்தனை நாளைக்குக் கொத்துக் கரண்டி பிடிக்க முடியாதோ தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. மத்தியானம் போன் அடித்தது.

"உள்ள உட்டாங்களா?" அவள் வாயைத் திறக்குமுன் கேட்டான்.

"உட்டாங்க. வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட சங்கிலிய எடுத்துக்கினு வந்துட்டாரு. அந்த மீன்காரக்கா எறங்கி ஓடிப்போய், இருங்க இருங்கன்னு கேட்டைப் புடிச்சிக்கினாங்க. வண்டி சத்தத்துல நீங்க போன் அடிச்சதே கேக்கல." மூச்சு வாங்கிப் பேசினாள். "கை எப்பிடி இருக்குது?"

தீப்புண் களிம்போடு பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். அவன் கையில் தடவிவிட்டாள். பிறகு கேட்டாள்: "தண்ணி கொறையுதுன்னு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வாங்கின கொஞ்ச நாள்லேர்ந்தே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொதோ மாசமே ரிப்பேருன்னு சொன்னா தெருவே சிரிக்கும்னு… உங்கிட்ட சொல்றதுக்குக் கூட கூச்சமா இருந்திச்சி."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ தாண்டவராயன் பக்கம் திரும்பினாள். "தொறந்து பாருங்கண்ணே. சீவினா சரியாவும்னா செய்யலாம். விரிசல்னா வேணாம், அப்படியே வித்துடுறோம். எதுவா இருந்தாலும் என் நம்பருக்குப் பண்ணுங்க. இவருக்குப் பண்ணாதீங்க."

அன்று ராத்திரி அலெக்ஸ் தூங்கவில்லை. மறுநாள் முழுக்க அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அது அடித்தபோது செல்வி அடுப்படியில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "சொல்லுங்கண்ணே," என்றாள். அப்புறம் வெறும் 'ம்' தான். அவள் முகத்திலிருந்து அவனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "எவ்ளோ?" என்று மட்டும் ஒரு தரம் கேட்டாள்.

போனை வைத்துவிட்டு, "விரிசல் இல்லியாம். வளைஞ்சிதான் இருக்குதாம்," என்றாள். "இருவத்திமூணாயிரமாம். நகை வாங்க நான் போட்ட சீட்டுப் பணம் வருது, அதுல குடுத்துக்கலாம். செய்யச் சொல்லிட்டேன்."

"பரிச்ச நல்லா எழுதினியான்னு நான் கேக்கவே இல்ல," என்றான் அவன்.

"முக்காவாசி சரியாத்தான் போட்டேன். கடைசியில கொஞ்சம் குத்துமதிப்பா போட்டேன். ரிசல்ட்டு வந்தா பாக்கலாம்."

அலெக்சுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. இடது கையால் சாப்பிடத் தடுமாறினான். செல்வி தட்டை வாங்கிப் பிசைந்து ஊட்டினாள்.