துப்பாக்கி வாங்க ஒரு விலாசம்

ஊரை விட்டு வரமாட்டேன் என்று ஹார்லன் பிக்ஸ்பி தன் மனைவியிடம் வாய் திறந்து சொல்லவில்லை. "டெல் கடைக்குப் போய் ஒரு ரைஃபிள் பாக்கலாம், வா" என்றான், அவ்வளவுதான். நோரீனுக்கு அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பத்தொரு வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா விளங்காது?

கலிஃபோர்னியாவில் சட்டப்படி விற்கிற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை வேறு எந்த மாநிலத்துக்காரனும் ஆசைப்பட்டு வாங்கமாட்டான். விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா போய், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். அது மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் இங்கே பிடியைக் கட்டைவிரலால் சுற்றிப் பிடிக்க முடியாதபடி ஒரு பட்டை வைத்துத் தடுத்திருக்கும். பின்கட்டையை நீட்டிக் குறைக்க முடியாது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாது. வாங்கினால் பத்து நாள் கழித்துத்தான் கையில் தருவார்கள். ஐடஹோ மாநிலத்தில் மகள் கேரியின் வீட்டுக்குக் குடிபோகிறவன் அங்கே போய் லட்சணமாக ஒன்று வாங்கிக்கொள்வான். இந்த அவலட்சணத்தைத் தேடிப்போய் வாங்குகிறவன் இங்கேயே கிடந்து சாவது என்று முடிவு கட்டியவன்தான்.

நோரீனுக்கு இங்கே கிடந்து சாக விருப்பமில்லை. ஏற்கெனவே ஒருமுறை கிட்டத்தட்டச் செத்துப் பார்த்தாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் நவம்பரில் அவர்கள் ஊரான கோல்டர் ரிட்ஜ் முழுவதும் எரிந்தபோது, மலையை விட்டு இறங்குகிற ஒரே சாலையில், இரண்டு பக்கமும் தீ, முன்னால் பின்னால் வண்டிகள் என்று நான்கு மணி நேரம் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவுக் கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு. பக்கத்து வீட்டு லொரெட்டா பின்னாலேயே வருகிறேன் என்றாள். வரவில்லை.

அன்றிலிருந்து நோரீன் வண்டியில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விட்டதில்லை. எங்கே நிறுத்தினாலும் முகப்பு சாலையைப் பார்த்து இருக்கவேண்டும். சாவி அவள் பாக்கெட்டிலேயே இருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் வெளியே போய் மலைப் பக்கம் பார்த்துவிட்டு வருவாள். இப்போது அவர்கள் இருப்பது மலைக்குக் கீழே நாற்பது மைலில், சக்கர வீடுகளை வரிசையாக நிறுத்தி வாடகைக்கு இருக்கிற ஒரு டிரெய்லர் பூங்காவில், பதினேழாம் எண் இடத்தில். அங்கே படுத்தாலும் அவளுக்குப் புகை வாசனை வரும். ஹார்லனுக்கு ஒன்றும் வராது. அவன் தினமும் காலையில் சாப்பிட்டதும் மலை ஏறி, எரிந்துபோன தன் மனையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டு, இருட்டும் முன் திரும்புவான். அங்கே வீடு இல்லை, சிமென்ட் தளம்தான் இருக்கிறது. தபால் பெட்டி மட்டும் புதிது. தீ அணைந்து ஊருக்குள் விட்ட முதல் நாளே வாங்கி நட்டான், 214 என்று எண்ணும் ஒட்டினான். வீடே இல்லாத வாசலில் தபால்காரனும் ஒழுங்காகக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோல்டர் ரிட்ஜில் டெல்லின் துப்பாக்கிக் கடை பாதி எரிந்து, அந்தப் பாதியைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். டெல்லும் ஹார்லனும் மர ஆலையில் ஒரே ஷிஃப்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள்.

"வாய்யா, மலை ராஜா!" என்றான் டெல். "நோரீன், நீயுமா? இவனைத் தனியா விட்டா பீரங்கி வாங்கிடுவான்னு பயமா?"

"பீரங்கின்னா பரவாயில்லையே. நீ விக்கறதைப் பாக்கத்தான் பயமா இருக்கு" என்றாள் நோரீன்.

டெல் சிரித்துக்கொண்டே கண்ணாடி மேஜை மேல் ஒரு ரைஃபிளை எடுத்து வைத்தான். ஹார்லன் அதைத் தூக்கி, வழக்கப்படி திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோளில் வைத்தான். பட்டை கட்டைவிரலை இடித்தது. மாற்றிப் பிடித்தான். அப்போதும் இடித்தது.

"என்னடா இது, உளிக்குக் கைப்பிடி போடத் தெரியாதவன் செஞ்ச மாதிரி?"

"கட்டைவிரல் இந்தப் பக்கமே இருக்கணும். சுத்திப் பிடிச்சா நீ ரவுடி, பிடிக்கலைன்னா நீ குடிமகன். சட்டம் எழுதினவனைப் போய்க் கேளு."

"அவன் ஒரு தடவையாச்சும் இதைத் தூக்கிப் பாத்திருப்பானா?"

"பாத்திருந்தா எழுதியிருக்கமாட்டான். வேணாம்னா வெச்சிட்டுப் போ."

"வேணாம்னு எவன் சொன்னான்?" என்றான் ஹார்லன்.

அவன் குரலில் ஒரு குதூகலம் இருந்தது. நோரீன் அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்தக் குரல் எங்கே போயிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. காப்பி ஆறிவிட்டது என்று சண்டை போடுகிற, டி.வி.யில் வருகிறவனை முட்டாள் என்று திட்டுகிற பழைய ஹார்லன் இதோ ஒரு கோணல் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் கொஞ்சம் அதிகம்.

"எதுக்குடா இது உனக்கு?" என்று கேட்டான் டெல்.

"மனையில ஓநாய்க் குட்டி மாதிரி நரிங்க திரியுது."

"சிமென்ட் தளத்துல நரிக்கு என்ன கெடைக்கும்?"

"அதுங்களும் என்னை மாதிரிதான், போக எடமில்ல" என்றான் ஹார்லன்.

துப்பாக்கி வாங்கக் காட்டவேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் பெட்டகத்தோடு எரிந்துபோனதால் பரீட்சையைத் திரும்ப எழுதவேண்டியிருந்தது. முப்பது கேள்வி. நாற்பது வருஷமாக மான் வேட்டைக்குப் போகிறவன் பள்ளிக்கூடப் பையன்போல மேஜை ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து, டெல் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, எழுதினான். இருபத்தொன்பது சரி. எது தவறு என்று டெல்லோடு ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினான்.

"என் பேர்ல இன்னும் நாலு துப்பாக்கி இருக்கறதா தலைநகர் சாக்ரமென்டோவுல பதிவு இருக்கு, தெரியுமா?" என்றான் பிறகு. "பெட்டகத்தைத் திறந்தா நாலும் உருகி ஒரே கட்டியா ஒட்டிக் கெடந்துச்சு. அழிஞ்சுபோச்சுன்னு எழுதிப் போடுன்னாங்க. நான் எழுதல. அரசாங்கத்தைப் பொறுத்தவரை என் வீடு இன்னும் எரியலை, டெல். அப்படியே இருக்கட்டுமே."

டெல் விண்ணப்பப் படிவத்தை நகர்த்தி வைத்தான்.

படிவத்தில் பெயருக்குக் கீழே விலாசம். தபால் ஆபீஸில் வாடகைக்கு எடுத்த பெட்டி எண் கூடாது, இப்போது குடியிருக்கிற வீட்டின் எண்ணும் தெருவும் வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். ஹார்லன் யோசிக்கவே இல்லை. 214, எல்க்ஹார்ன் தெரு, கோல்டர் ரிட்ஜ் என்று எழுதினான். டிரைவிங் லைசென்ஸிலும் அதுதான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சுப்போல் பொருந்தும். வேறு ஊர்க் கடையாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 214இன் சாம்பலை ஹார்லனோடு சேர்ந்து சலித்துத் தேடியவனே டெல்தான். நோரீனின் அம்மா கொடுத்த மோதிரத்தைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

டெல் பேனாவால் அந்த வரியைத் தட்டினான்.

"இதை மாத்து."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. இப்ப எங்க படுக்கறியோ அதைப் போடு. டிரெய்லர் பூங்கா, பதினேழு. வண்டிப் பதிவை அந்த விலாசத்துக்கு மாத்தி அந்தக் காகிதத்தைக் கொண்டா. ஒரு வார வேலை. அப்புறம் பத்து நாள். முடிஞ்சுது."

"நான் அங்க குடியிருக்கலை."

"பின்ன?"

"அங்க வண்டியை நிறுத்தியிருக்கேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"நீ பாக்கலைன்னா சொல்லு. தினமும் நான் எல்க்ஹார்ன்லதான் இருக்கேன். எனக்குக் கடுதாசி அங்க வருது. மனைக்கு வரி நான் கட்டறேன். நான் எங்க குடியிருக்கேன்னு நீயா சொல்றது?"

"ஹார்லன், கீழே கையெழுத்துப் போடற எடத்துல பொய் சொன்னா ஜெயில்னு எழுதியிருக்கு. உனக்கு மட்டும் இல்ல. எனக்கும் கடை லைசென்ஸ் போயிடும். தப்புன்னு தெரிஞ்சே படிவத்தை வாங்கினேன்னு ஆகும். பாதிக் கடையை இப்பத்தான் நிமித்தி வெச்சிருக்கேன்."

இதில் அடம் பிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வேறு ஊர்க்காரர்கள். ஒரு எண்ணை மாற்றி எழுதினால் துப்பாக்கி கைக்கு வரும். ஆனால் கோல்டர் ரிட்ஜ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். இன்றுவரை ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் இல்லாத வீட்டின் எண்ணைத்தான் சொல்கிறார்கள். கேட்கிற ஊர்க்காரர்களும் எழுதிக்கொள்கிறார்கள். டெல்லே தன் மின்சார பில்லை எரிந்த வீட்டு விலாசத்துக்கு வரவழைப்பவன்தான். அதனால்தான் அவனால் முழுசாக மறுக்கவும் முடியவில்லை. தலையைச் சொறிந்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான். கடைசியில் நோரீன் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு, நோரீன். அவன் அந்த மனையில குடியிருக்கான்னு அவன் பொண்டாட்டி நீ சொன்னா, அங்க ஏதோ கூடாரம் கீடாரம் போட்டிருக்கீங்கன்னு நெனச்சுக்கறேன். நான் நேர்ல போய்ப் பாக்கப் போறதில்ல. ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

ஹார்லன் மனைவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவைக் கையெழுத்துக் கோட்டின் மேல் தயாராக வைத்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் நோரீனைக் கொன்றது. முகத்தைப் பார்த்து, கெஞ்சி, மிரட்டிக் கேட்டிருந்தால்கூட அவள் மனம் வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே காற்று ஒருமுறை அடித்து, கடையின் தகரப் பலகை தடதடவென்று ஆடியது. இன்னொரு நவம்பர், இன்னொரு நான்கு மணி நேரம், கண்ணாடியில் லொரெட்டாவின் வண்டியைத் தேடித் தேடிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து அவள் கண்முன் வந்து நின்றன.

"இல்ல" என்றாள்.

டெல் கண்களை மூடிக்கொண்டான்.

"அங்க யாரும் குடியில்ல, டெல். அங்க வீடே இல்ல."

ஹார்லன் அப்போதுதான் திரும்பினான். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தட்டும், அதற்குப் பதில் வைத்திருந்தாள், இரண்டு வருஷப் பதில். ஆனால் அவன் முகத்தில் கோபம் வரவில்லை. மண்டபத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்றவனைப் பார்த்து இது உன் பெயர் இல்லை, உட்கார் என்று சொன்னால் ஒருவன் முழிப்பானே, அப்படி முழித்தான். இதுவரை அவனிடம் யாரும் அதைச் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஷூரன்ஸ்காரன் 'மொத்தச் சேதம்' என்றான். அரசாங்கம் 'பாதிக்கப்பட்ட சொத்து' என்றது. வீடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவன் மனைவிதான் கிடைத்தாள்.

"சரி" என்றான்.

பேனாவை மூடி வைத்தான். படிவத்தை இரண்டாக மடித்து டெல்லிடமே கொடுத்தான். "தேங்க்ஸ்டா, பரீட்சைக்காச்சும்" என்றான். டெல் ஏதோ சொல்ல வந்தான். "அடுத்த வாரம் வா, பூங்கா விலாசத்தைப் போட்டு..." என்று ஆரம்பித்தவன் நண்பனின் முகத்தைப் பார்த்ததும் ரைஃபிளை எடுத்து மறுபடி தாங்கியில் மாட்டிவிட்டான்.

வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முன்னால் இருந்த சாலையைப் பார்த்தபடி ஹார்லன் சொன்னான்:

"கேரிக்குப் போன் பண்ணு. வரோம்னு சொல்லு."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நோரீன் இரண்டு வருஷம் அழுதிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், ஒரு முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். உடனே எண்ணைப் போட்டாள். அந்தப் பக்கம் கேரி கத்திய கத்தல் வண்டிக்குள் எதிரொலித்தது. "நெஜமாவாம்மா? அப்பா ஒத்துக்கிட்டாரா? குடு, அவர்கிட்ட குடு!"

ஹார்லன் போனை வாங்கினான்.

"ஆமாம்மா... ஆமா, ரெண்டு பேரும்தான்."

கேரி மூச்சு விடாமல் பேசினாள். நோரீனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மாடியில் ஒரு அறை இருக்கிறது, மலை தெரியும். கீழே ஒன்று இருக்கிறது, படி ஏற வேண்டாம். அப்பாவுக்கு எது வேண்டும்?

"எதுன்னாலும் சரி" என்றான் ஹார்லன்.

கார் கொட்டகையை மரவேலைக்கு ஒழித்துத் தரட்டுமா, இல்லை பின்பக்கம் தனியாக ஒரு ஷெட் போடலாமா?

"எதுன்னாலும் சரிம்மா."

இந்த மாசக் கடைசியிலேயே வருகிறீர்களா, குளிர் கழிந்து வருகிறீர்களா?

"உங்கம்மா எப்பச் சொல்றாளோ அப்ப."

நாற்பத்தொரு வருஷத்தில் தோசைக்கல் அளவு அப்பத்தைக்கூட இப்படிச் சுடாதே, அப்படிச் சுடு என்று சொல்லாமல் விட்டவன் இல்லை அவன். நோரீன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை கத்தேன், ஹார்லன். மாடி அறை ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொல்லேன். என்னைத் துரோகி என்று சொல்லேன். அவள் மனசுக்குள் கெஞ்சினாள். அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. இடதுபக்கம் மேலே மனை, வலதுபக்கம் கீழே பூங்கா. இடதுபக்கம் என்று அவன் சொன்னால் இந்த நிமிஷமே உள்ளே ஓடிப்போய் டெல்லிடம் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடுவாள். அவள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

ஹார்லன் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"உனக்கு எது வசதியோ" என்றான்.