சிவப்புப் புள்ளி வைத்த பல்

அண்ணனின் இடது கை வெட்டுப்பட்டு நாற்பத்தொரு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. அன்று காலை மணி பத்து இருபது. இன்று பால்துரை அண்ணாச்சி வாசலில் வண்டியை நிறுத்தியபோது மாலை நான்கு இருபது. இந்தக் கணக்கை நான் ஒரு நாளும் விட்டதில்லை.

அண்ணாச்சி விளாத்திகுளத்துக்காரர். எங்கள் ஆலந்தலைக்கு மேற்கே ஓர் உடைமரக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, வெட்டி, கரிமூட்டம் போடுகிறார். கப்பல் வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் அண்ணன் அவரிடம் கிளை கழிக்கப் போனான். அதற்காக வாங்கியதுதான் அந்தச் சின்ன பேட்டரி ரம்பம். ஒரு கையில் பிடித்துவிடலாம். ஆறு அங்குல நீளத் தகடு, அதைச் சுற்றி ஓடும் செயின். அதை எடுத்துப் போகத்தான் அண்ணாச்சி வந்திருந்தார்.

"சும்மாவே கொண்டு போவும். அது இந்த வீட்ல கெடக்கப்படாது" என்று அப்பா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார்.

அண்ணன் ஆன்றோ, கப்பலில் டெக் வேலைக்கான பயிற்சியை முடித்தவன். கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கப்பல் ஏறப் பத்தொன்பது நாள் இருக்கும்போது கை வெட்டுப்பட்டது. தசைநாண்களைத் தைத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. கம்பெனி தேதியைத் தள்ளிவைத்தது. முப்பத்து நாலாம் நாள் தூத்துக்குடியில் உடற்தகுதிப் பரிசோதனை. நானும் கூடப் போனேன். டாக்டர் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலது கைக்கு முள் நாற்பத்தாறு கிலோவில் நின்றது. இடது கைக்கு நான்கில்.

"நாலு கிலோ தக்காளி தூக்கலாம்ளா" என்றான் அண்ணன் பஸ்ஸில். முத்தையாபுரம் தாண்டும்போது துறைமுகத்து கிரேன்கள் தெரிந்தன. அவன் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அப்பா அவனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். வெட்டுப்பட்டதற்கு முந்தின நாள் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, அந்தத் தடுமாற்றத்தில் ரம்பத்தைப் பிடித்திருக்கிறான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை. "கவனிக்கலப்பா" என்று ஒரு தடவை சொன்னான், அவ்வளவுதான். அப்பா அம்மாவிடம் சொல்வார்: "அவனுக்கு மாத்திரை முடிஞ்சிருக்கும், கேளு." அண்ணன் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பான். அம்மா திரும்பி அவனிடம் கேட்பாள்.

அவன் குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணிக்கு நேராக என்னிடம்தான் வந்தான். செயினைக் கழற்றி என் கையில் வைத்தான். வெற்றிலை வாசம் மட்டும் அடித்தது.

"மாவா கொட்டுதுளா. செராயே வர மாட்டேங்கு. கொஞ்சம் பாரு."

செயின் தீட்டுவது நான்தான். அது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பாவுக்குப் பெண்பிள்ளை ரம்பத்தைத் தொடுவது பிடிக்காது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வீட்டில் இருந்தேன். வேலைக்கு விண்ணப்பம் போடுவேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். செயின் தீட்ட யாரிடமும் பேச வேண்டாம். வீடியோ பார்த்துப் பழகினேன். பதினெட்டுப் பற்கள். ஒன்பது இடம் பார்த்தவை, ஒன்பது வலம் பார்த்தவை. வட்ட அரத்தை முப்பது டிகிரி சாய்த்து, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு. ஒரு பக்கம் கூடினால் வெட்டு கோணலாகும். எந்தப் பல்லில் தொடங்கினேன் என்று மறந்துபோகாமல் இருக்க முதல் பல்லில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். கல்லூரி ஆண்டு விழாவுக்கு வாங்கி ஒரே தடவை போட்ட பாட்டில்.

"இது எதுக்குளா?" என்று அண்ணன் முதல் தடவை கேட்டான்.

"எங்க ஆரம்பிச்சோம்னு தெரியணும்லா" என்றேன்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு உண்டு. ரேக்கர் என்பார்கள். பல் மரத்தை எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கும். அது உயரமாக இருந்தால் பல் மரத்தைத் தொடாது, மரச்சிராய் வராமல் மாவுதான் கொட்டும். அதைத் தட்டை அரத்தால் ஓர் இழுப்போ இரண்டோ ராவ வேண்டும். அன்றைக்கு நான் ஐந்தாறு இழுப்பு ராவினேன். அளந்து பார்க்கவில்லை. அவன் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் காட்டிலிருந்து போன் செய்தான். "ஏளா, பறக்குது! செராய் விரல் மொத்தம் வருது. நீதான் எஞ்சினியரு." நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். பத்து இருபதுக்கு ரம்பத்தின் நுனி எதிர்க்கிளையில் பட்டது. மேடு தாழ்ந்திருந்ததால் பல் ஒரேயடியாகக் கவ்வியது. ரம்பம் எகிறி, கிளையைப் பிடித்திருந்த இடது கையில் விழுந்தது.

மூன்றாம் நாள் அந்தச் செயினைக் கழற்றி, என் வெர்னியர் கருவியால் அளந்தேன். பல்லைவிட மேடு 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், 1.38 தாழ்ந்திருந்தது. பதினெட்டுப் பல்லையும் அளந்தேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதேதான். ஒரே சீராகத் தப்புச் செய்திருந்தேன்.

ரம்பத்தில் புதுச் செயினைப் போட்டுவைத்தேன். பழையதை மூன்று தடவை கடற்கரைக்கு எடுத்துப் போனேன், எறிய முடியவில்லை. பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். காலை ஜெபத்தை மறந்ததைச் சொன்னேன், அம்மாவிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னேன். "வேற?" என்றார் சாமி. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பால்துரை அண்ணாச்சி வாசல்படியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா வேப்பமரத்தடியில் வலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே மாப்ள, கை எப்படி இருக்கு?"

"சிலுவை போடுத கை நல்லா இருக்கு அண்ணாச்சி. அது போதும்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ரெண்டு கையாலயும் பிடிலேன்னு. இவரு ஒத்தக் கையில ரம்பத்தையும் மத்ததுல கிளையையும் பிடிப்பாராம்."

"தப்புதான்" என்றான் அண்ணன்.

அம்மா கொண்டுவந்து கொடுத்த ரம்பத்தை அண்ணாச்சி திருப்பிப் பார்த்தார். "செயினு புதுசால்லா இருக்கு. பழசு எங்க?"

"அது தொலஞ்சு போச்சு" என்றான் அண்ணன். சட்டென்று சொன்னான்.

"தொலையலலே. இவ வெர்னியரு டப்பாக்குள்ள கெடந்துது" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அம்மா செயினைக் கொண்டுவந்து அண்ணாச்சியின் கையில் கொடுத்தாள்.

அண்ணாச்சி அதைத் தொடையில் விரித்துப் பெருவிரலால் தடவினார். பிறகு சிரித்தார்.

"இது என்னலே, நகப்பாலிசு? செயினுக்கு என்ன கல்யாணமாலே?"

சிரிப்பு பாதியில் நின்றது. செயினை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடுத்த பல்லைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார்.

"ஏலே, ரேக்கரே இல்லையேலே. இப்படியா ராவித் தள்ளியிருக்கு? இதப் போட்டா எந்த ரம்பமும் எகிறத்தான செய்யும். ரெண்டு கையால பிடிச்சாலும் தூக்கி அடிக்கும். எந்தக் கூமுட்டலே தீட்டுனான் இத?"

"நாந்தான்" என்றான் அண்ணன்.

யோசிக்கவே இல்லை.

"அப்ப நகப்பாலிசு?"

"அவ பாட்டில எடுத்து நாந்தான் வச்சேன். எங்க ஆரம்பிச்சோம்னு தெரியணும்லா."

என் வாக்கியம். சொல் மாறாமல் வைத்திருந்தான். இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தெரிந்து, நாற்பத்தொரு நாளாகப் பதிலைத் தயாராக வைத்திருந்தான்.

அப்பா வலையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். அண்ணன் எதிரில் நின்றார். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தெரியாத வேலைய எதுக்குலே செஞ்ச? ஒங் கைய நீயே வெட்டிக்கிட்டியேலே. குடிச்சிருந்தன்னாகூட மனசு ஆறியிருக்குமே. ஒரு நாள் புத்தி கெட்டுப்போச்சுன்னு விட்டிருப்பேன். இது... நிதானமா ஒக்காந்து ராவியிருக்கியே."

"ஆமாப்பா" என்றான் அண்ணன். "எந் தப்புதான்."

தலையைக் குனிந்துகொண்டான். இடது கையை வலது கையால் மூடினான். மடங்காத இரண்டு விரல்களும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

நான் கதவை விட்டேன். வாசல்வரை ஆறு எட்டுத் தூரம். அண்ணாச்சியின் தொடையிலிருந்து செயினை எடுத்தேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "ஏளா, உள்ள போ" என்றான்.

"அப்பா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"அப்பா, அண்ணன் இல்ல. இந்தச் செயின தீட்டுனது நான்."