கூண்டில் முணுமுணுத்த ஒரு வாக்கியம்

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் அண்ணி துணி மடித்துக்கொண்டே பாதி சொன்னது. மீதியைச் சொல்ல மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அண்ணி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலம் வராதவர்கள் கூண்டில் ஏறினால் பக்கத்தில் நின்று, அவர்கள் தமிழை நீதிபதிக்கும் நீதிபதியின் ஆங்கிலத்தை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வார். பாதிக் கதையைக் கேட்டவனால் சும்மா இருக்க முடியுமா? எழுத உட்கார்ந்துவிட்டேன். முடிக்காமல் எழுந்திருப்பதாக இல்லை.

2.

முதல் தொடக்கம்: "பேக்கரிப் பெண் திமிராகக் கூண்டில் ஏறினாள். அவள் கண்களில்

(நிறுத்தினேன். அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?)

அண்ணியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"திமிரா? செருப்புல மாவு ஒட்டியிருக்குன்னு கூண்டுக்கு வெளியிலயே கழட்டி வச்சவ அவ. போட்டுக்கம்மான்னு காவலர் சொல்ல வேண்டியதாப் போச்சு. உன் இஷ்டத்துக்கு எழுதாதே."

சரி. திமிரை எடுத்துவிட்டேன். செருப்பை வைத்துக்கொண்டேன்.

3.

வழக்கு சின்னதுதான். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை, பேக்கரியில் வேலை செய்யும் இந்தப் பெண் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அப்பாவைப் பார்க்கத் தன்னை விட வேண்டும் என்று அவளுடைய அண்ணன் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கிவிட்டான். சனிக்கிழமைதோறும் அவன் வரலாம்; அவள் கதவைத் திறக்க வேண்டும். அவன் வந்தான். அவள் திறக்கவில்லை. மறுவாரமும் திறக்கவில்லை. அண்ணன் திரும்பவும் நீதிமன்றம் போனான், இந்தத் தடவை 'கன்டெம்ப்ட்', அதாவது நீதிமன்ற அவமதிப்பு, என்று.

உள்ளே போட்டால் அப்பாவுக்கு யார் கஞ்சி ஊட்டுவார்கள்? அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

4.

(இங்கே கதையைக் கொஞ்சம் ஓரங்கட்டுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் ஐந்துக்குத் தாவலாம்.)

கன்டெம்ப்ட் என்ற சொல்லை நான் பல வருடம் தப்பாகவே பயன்படுத்தி வந்திருக்கிறேன். அன்றாட ஆங்கிலத்தில் அது மனசுக்குள் இருக்கும் சமாச்சாரம்: ஒருவரை மதிக்கவே தகுதியில்லாதவராக நினைக்கும் இளக்காரம். கோபம் வேறு. கோபப்படுவதற்காவது எதிராளியை ஓர் ஆளாக மதிக்க வேண்டும். அதை வினைச்சொல்லாகவும் ஆக்கக் கூடாது. 'அவனை கன்டெம்ப்ட் பண்ணினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி அண்ணியிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருவர்மேல் அது இருக்கும், அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் அது மனசு இல்லை, செயல். உத்தரவு தெரியும், செய்யவும் முடியும், வேண்டுமென்றே செய்யவில்லை என்றால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். நீதிபதியைத் தெய்வமாக நினைத்துக்கொண்டே நீதிமன்றத்தை அவமதிக்கலாம். அவரை உள்ளுக்குள் புழுவாக நினைத்தாலும், உத்தரவின்படி கதவைத் திறந்துவிட்டால் சட்டம் உங்களைத் தொடாது.

பேக்கரிப் பெண்ணுக்கு இது யாரும் சொல்லாமலே புரிந்திருந்தது. "கோர்ட்டுமேல எனக்கு இளக்காரம் இல்ல. எங்க அண்ணன்மேல இருக்கு. ஆனா திறக்காதது நான்தான். தெரிஞ்சேதான் திறக்கல" என்றாள். அண்ணி அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பவர் 'அவள் திறக்கவில்லை' என்று சொல்லக் கூடாது; 'நான் திறக்கவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். அது அந்தத் தொழிலின் விதி.

அண்ணனின் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார்.

5.

நீதிபதி விடவில்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்டார். காரணம் சொன்னால் எடுத்துக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் காவலில் வைப்பதைத் தவிர எனக்கு வழியில்லை என்றார். அண்ணி அதைத் தமிழில் சொன்னபோது பேக்கரிப் பெண் அண்ணி பக்கம் சாய்ந்து, பின்வரிசையில் இருந்த அண்ணன் காதில் விழாதபடி முணுமுணுத்தாள்:

"அப்பாதான் சொன்னாரு. இந்தக் கோலத்துல பையன் என்னைப் பார்க்கக் கூடாது, கேட்டான்னா காரணத்தையும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இதை மட்டும் சொல்லிடாதீங்க அக்கா."

அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அது இரண்டு பேருக்குள் இருக்கும் என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. கூண்டில் அது செல்லாது. அங்கே வாயிலிருந்து வருவது எல்லாமே சாட்சியம். ஒன்று விடாமல் சொல்வேன் என்று அண்ணி காலையில்தான் உறுதிமொழி எடுத்திருந்தார்.

(கூர்மையான வாசகர் ஒருவர் இங்கே என் சட்டையைப் பிடிப்பார்: "அது அவ்வளவு ரகசியம் என்றால் உனக்கு எப்படித் தெரிந்தது?" தெரியாது. அண்ணி சொன்னது இவ்வளவுதான்: "சொல்லிடாதீங்க அக்கான்னு ஒண்ணு சொன்னா." அப்பாவின் சத்தியம் நான் போட்ட ஒட்டு. வேறு ஒட்டுகளும் போட்டுப் பார்த்தேன். எதுவும் அவள் பிடிவாதத்துக்குப் பொருந்தவில்லை.)

6.

முடிவு ஒன்று: அண்ணி முழுசாகச் சொல்லிவிட்டார். அண்ணன் எழுந்து நின்று அழுதான். நீதிபதி கண்ணாடியைக்

(சீ. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் நீதிபதிகளை நிறையப் பார்த்தாயிற்று.)

முடிவு இரண்டு: "ஒன்றும் சொல்லவில்லை" என்று அண்ணி மழுப்பினார். அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டினேன். மடித்த துணியை மறுபடி உதறினார்.

"பொய் சொல்ற ஆளாடா நான்?"

"அப்போ சொல்லிட்டீங்களா அண்ணி?"

"சொல்லியிருந்தா அவ என்னை எப்படிப் பார்த்திருப்பா, யோசிச்சியா? சொல்லாம விட்டிருந்தா நீதிபதி என்னை என்ன பண்ணியிருப்பாரு, அதை யோசிச்சியா?"

"ரெண்டுல எது?"

"நீ எழுதறவன்தானே. எழுது."

எழுத மாட்டேன். பயந்து அல்ல. எதை எழுதினாலும் நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் எழுதுவேன். யாரும் என்னை இளக்காரமாகப் பார்க்கப் போவதில்லை, யாரும் என்மேல் வழக்கும் போடப் போவதில்லை. அண்ணி நின்ற இடத்தில் நின்று பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

7.

ஆகவே நீங்கள் வாருங்கள். கூண்டுக்கு இடப்பக்கம், அவளுக்கு ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். பின்வரிசையில் அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்க்கிறான். அவள் உங்கள் கையைப் பிடித்திருக்கிறாள், பிடி இறுகுகிறது. நீதிபதி பேனாவைத் திறந்து உங்களைப் பார்க்கிறார்.

"சாட்சி இப்போது என்ன சொன்னார்?"