தலைவர் தேடிய ஹாலந்துக்காரன்

நியாலாஸ் ஊரின் செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் தேவமலருக்கு ஒரு ரகசியம் இருந்தது. கோயில் தலைவர் கணேஸ்வரனின் நீண்ட உரைகளைக் கிண்டலடிக்கும் பெயரில்லாத முகநூல் பக்கத்தை நடத்துவது அவள்தான். ‘தலைவர் மைக்கைப் பிடித்தார், பொங்கல் ஆறிப்போனது!!!!’ என்று அவள் எழுதியதைப் பாதி ஊர் பகிர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் முழங்கினார். “அந்த ஆளு எந்த ஊர்ல உட்கார்ந்து எழுதுறான்னு கம்ப்யூட்டர்ல கண்டுபிடிக்கப் போறேன். வீட்டு வாசல்லயே போய் நிப்பேன்!”

மறுநாள் ஆலையில் மதியச் சாப்பாட்டின்போது, தேவமலர் சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

“நாம இருக்கிற இடத்த மறைக்குமே, வி.பி.என்., அதுல எது நல்லது?”

“நான் ஃப்ரீயா கிடைக்கிறதுதான் வச்சிருக்கேன்,” என்றாள் பக்கத்து மேசை புனிதா. “போன் மட்டும் சூடாகும். தோசையே சுடலாம் லா.”

“சும்மா குடுக்கிறவன் நம்ம விஷயத்தத்தான் விப்பான்,” என்றார் லாரிகளைக் கவனிக்கும் தினேஷ்வரன். “நான் மாசாமாசம் கட்டுறேன். வேகம் குறையாது. ஆனா பேங்க் ஆப் என்னைத் திருடன்னு நினைச்சுக் கதவச் சாத்திடும்.”

தேவமலர் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டாள். இலவசத்தைப் போட்ட அரை நாளில் கைப்பேசி செத்தது. அதற்குள் வழுக்கைத் தலைக்கு மருந்து விற்கும் விளம்பரங்கள் இருபது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தினேஷ்வரன் சொன்னதை வாங்கி, தான் இருக்கும் இடமாகக் காட்ட ஹாலந்தைத் தேர்ந்தெடுத்தாள். எண்ணெய் நிலையத்தில் பெட்ரோல் போட்டுவிட்டு, பேங்க் ஆப் திறக்காததால் பணம் செலுத்த முடியாமல் ஐந்து நிமிடம் அசடு வழிந்ததைத் தவிர, எல்லாம் சுகம்.

தலைவர் சும்மா இருக்கவில்லை. யாரையோ பிடித்து, தட்டுபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும் ஒரு தூண்டில் இணைப்பை அந்தப் பக்கத்துக்கு அனுப்பவைத்தார். தேவமலர் யோசிக்காமல் அதைத் தட்டிவிட்டாள். அடுத்த கூட்டத்தில் தலைவர் மைக்கில் அலறினார்.

“நம்ம கோயிலுக்கு எதிரா ஹாலந்துல சதி நடக்குது!”

தேவமலர் சிரிப்பை அடக்க முடியாமல் கோயில் அடுப்படிக்கு ஓடினாள். அங்கே தலைவரின் மனைவி பவானேஸ்வரி சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ஹாலந்துல வெயில் எப்படி?”

சிரித்துக்கொண்டிருந்த தேவமலர் சட்டென்று நிமிர்ந்தாள். “அக்கா…?”

“கோயில் நோட்டீஸெல்லாம் நீதானே எழுதிக் குடுக்கிற? நாலு ஆச்சரியக்குறி போடாம உனக்கு ஒரு வரி முடியாது. அந்தப் பக்கத்துலயும் அதே நாலு.”

“தலைவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லியிருந்தா நீ இங்க நிப்பியா?” பவானேஸ்வரி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பேச்ச நேத்து கண்ணாடி முன்னால முக்கால் மணி நேரம் ஒத்திகை பார்த்தாரு, இடுப்புல வெறும் சாரத்தோட. என்கிட்ட வீடியோ இருக்கு.”

அவர் ஈரக்கையைத் துடைத்து, தன் கைப்பேசியை நீட்டினார்.

“உன் பக்கத்துக்கு அனுப்பி வைக்கிறேன். முதல்ல எனக்கும் அந்த வி.பி.என். போட்டுக் குடு.”

“எந்த நாடு வேணும்க்கா?”

“குளிர் நாடா பாரு. இங்க அடுப்பு வெக்கை தாங்கல.”