மூன்றாம் தண்ணீர்

அத்தை மாட்டுவண்டியிலிருந்து இறங்குவதைக் கண்மாய்க்கரையிலிருந்து பார்த்ததும், ஓடிப்போய் ஒரு வேப்பங்குழையை ஒடித்து எங்கள் வீட்டு நிலையில் செருகினேன். குழை செருகிய வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியூர்க் கால் உள்ளே வரக்கூடாது. பத்து வயசில் அவ்வளவு புத்தி எங்கிருந்து வந்ததோ. புத்தி என்ன புத்தி, பயம்.

அம்மாவுக்கு அம்மை இல்லை. தை மாதத்திலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அழுகைகூட இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், மறுபடி மூடிக்கொள்வாள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், அதனால்தான் பேசமாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அய்யா இருளாண்டி, அறுப்பு முடிந்த கையோடு உப்பளக் கூலிக்குக் கடற்கரைப் பக்கம் போயிருந்தார்.

ராமலெட்சுமி அத்தை அய்யாவுக்கு அக்கா. பிள்ளை இல்லை. என் மூன்று வயசுத் தங்கச்சி முத்தழகுவைத் தன் ஊர் அபிராமத்துக்குத் தூக்கிப் போய் வளர்க்கப்போவதாகவும், அய்யாவுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாகவும் போன தடவையே சொல்லியிருந்தாள். கெட்டவள் இல்லை. சொன்னால் செய்துவிடுகிறவள்.

குழையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தெருவிலேயே நின்றாள். "மூணாந்தண்ணி ஊத்துற அன்னைக்கு வாரேன். சின்னவள ஒட்ட விடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மை இறங்க மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்; மூன்றாவதோடுதான் வெளி ஆள் உள்ளே வரலாம்.

ஊரும் நம்பியது. கூழும் நுங்கும் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மை வீட்டில் தாளிக்கக்கூடாது என்பதால் எனக்குச் சமைக்கத் தெரியாததும் வெளியே தெரியவில்லை. சாமி குத்தமாகிவிடும் என்று இரண்டு நாள் குழையைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம் பழகிவிட்டது.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சித்தி உள்ளே வந்துவிட்டாள். சின்ன வயசிலேயே அம்மை கண்டு முகமெல்லாம் தழும்பு. ஒருதரம் வந்தவளுக்கு மறுபடி வராது என்று ஊரில் எந்த அம்மை வீட்டுக்கும் அவள்தான் போவாள். இதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். ஒரு அம்மை முத்துகூட இல்லை. என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளா இப்பிடி?"

"தையிலருந்து."

"நீ சாப்ட்டியா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழையைப் பிடுங்கிப் போடுவாள் என்று நினைத்தேன். வாடியதை எடுத்துவிட்டுப் புதுசு ஒன்றைச் செருகினாள்.

"உள்ளதச் சொன்னா பேயின்னு கட்டி வச்சு அடிப்பாக. அம்மையின்னா கும்புடுவாக. இருந்துட்டுப் போகட்டும்."

தினமும் வந்தாள். அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்துக் கூழ் ஊட்டினாள். சிக்குப்பிடித்த தலையை இழை இழையாகப் பிரித்தாள். என்னைக் கொல்லைப்பக்கம் விளையாட விரட்டினாள். "ஒன்னால வந்ததில்ல ஆத்தா இது. நீ என்ன செஞ்சிருந்தாலும் வந்திருக்கும்" என்றாள் ஒருநாள். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் தண்ணீரன்று அத்தை விடிந்ததுமே வந்து நின்றாள். அம்மா முற்றத்தில் பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். சித்தி மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தை முத்தழகுவின் துணிமணிகளை மூட்டை கட்டி ஒரு கையிலும், அவளை இடுப்பிலும் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி இது, ஒரு தழும்பு இல்ல?"

"உள்ளுக்குள்ள போட்டிருக்கு மதினி" என்றாள் சித்தி. "மூணு தண்ணி பத்தாது. எத்தன ஊத்தணும்னு எனக்குந் தெரியல."

முத்தழகு அத்தையின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, ஈரத்தில் நடந்துபோய் அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். அம்மா அணைக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. சித்தி அடுத்த செம்பைச் சாய்த்தபோது மட்டும் அம்மாவின் கை மெல்ல எழுந்து, தண்ணீர் கண்ணில் படாமல் பிள்ளையின் நெற்றியில் கவிந்தது. அத்தை அந்தத் துணி மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.