இரண்டு விதக் கோடுகள்

பழைய சோலார் பலகையைக் கழற்ற மெக்கானிக் வந்த அன்று, அவன் பின்னாலேயே அவளும் மூச்சு வாங்க மொட்டைமாடிக்கு ஏறினாள். கணவர் போன பிறகு அங்கே ஏறியதே இல்லை.

"வெயில் நல்லா அடிக்குது, ஆனா பாதி கரண்ட்கூட வரலம்மா," என்றான் மெக்கானிக். "உள்ளேயே ரெசிஸ்டன்ஸ் ஏறிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சொல்லால்தான் அவளுக்குக் கல்யாணமே ஆனது.

அப்போது சோலார் செல் கம்பெனியில் அச்சுப் பிரிவில் இருந்தாள். செல்லின் முகத்தில் வெள்ளிப் பசையால் கோடுகள் போடுவது வேலை. உள்ளே பிறக்கும் மின்சாரம் அந்தக் கோடுகள் வழியாகத்தான் வெளியே வரும். சோதனைப் பிரிவில் இருந்தவருக்கு 'மைனஸ்' என்று பட்டப்பெயர். யார் செல்லைக் கொடுத்தாலும் குறைத்துத்தான் பேசுவார்.

"இவ்வளவு பட்டையா கோடு போட்டா வெயில் எப்படி உள்ளே இறங்கும்? நிழல்தான் விழும்," என்பார்.

"மெலிசாப் போட்டா ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், மின்சாரம் முட்டி மோதி, வழியிலேயே சூடாகி வீணாப் போயிடும். அது பரவாயில்லையாக்கும்?" என்பாள் இவள்.

மதியச் சாப்பாட்டிலும் அதே வழக்கு. ஒருநாள் மைனஸ் வேலைக்கு வரவில்லை; காய்ச்சலாம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் விஷயம் அவளுக்கே புரிந்தது.

கல்யாணப் பரிசாக, உடன் வேலை செய்தவர்கள் இந்தப் பலகையைச் செய்து கொடுத்தார்கள். சோதனைக்குப் போட்ட செல்களில் பாதி அவளுடைய பட்டைக் கோடு, பாதி அவருடைய மெல்லிசுக் கோடு. "யார் சொன்னது சரின்னு வீட்டிலேயே அடிச்சுக்குங்க," என்றார்கள். அப்படியே நடந்தது. துணி காயப்போட வந்தால்கூடப் பலகையைக் காட்டி ஒரு வாய்ச்சண்டை.

"தம்பி, எந்தப் பக்கம் கெட்டுப்போச்சுன்னு பார்க்க முடியுமா?" என்று கேட்டாள்.

அவன் சூடு காட்டும் கேமராவைப் பலகைமேல் ஓட்டினான். ரெசிஸ்டன்ஸ் கூடிய இடம் திரையில் மஞ்சளாகத் தெரிந்தது.

"ரெண்டு பக்கக் கோடும் நல்லாத்தாம்மா இருக்கு. செல்லுக்குச் செல் ஈயம் வெச்சு ஒட்டின இடந்தான் விட்டுப்போச்சு. அவசரத்துல ஒட்டியிருக்காங்க."

"சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஒட்டினாங்கப்பா," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவ்வளவு வருஷச் சண்டையும் வீண். சொல்லிச் சிரிக்கத்தான் அவர் இல்லை. இருந்திருந்தால் கேமராவையே குறை சொல்லியிருப்பார்.

"கழட்டிடவாம்மா?"

"கழட்டு. கீழே அந்தச் சமையலறைச் சுவரோரம் சாய்ச்சு வெச்சிடு."

"எதுக்கும்மா, இடத்தை அடைக்குமே?"

"அடைக்கட்டும் தம்பி."