அரையடி

ஏழாவது முறையும் "கட்" என்று கத்தினார் டைரக்டர். ஜட்ஜய்யா குனிந்து பார்த்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் போட்டிருந்த பெருக்கல் குறி, காலுக்கு அரையடி முன்னால் கிடந்தது.

"ஐயா, அந்தக் குறிய விட்டு நகர்ந்தா உங்க மூஞ்சி கலங்கிப்போயிடுதுன்னு எத்தன தடவ சொல்றது? ஃபிலிம் என்ன சும்மாவா வருது?"

"மன்னிச்சுக்கங்க தம்பி. இந்தத் தடவ நகர மாட்டேன்" என்றார். இதையேதான் போன தடவையும் சொன்னார்.

வேண்டுமென்றா செய்கிறார்? இருபத்திரண்டு வருஷம் நாடகக் கம்பெனியில் குப்பை கொட்டியவர். அங்கே கதாநாயகன் வாயைத் திறந்தால் கூட நிற்பவன் அரையடி பின்வாங்கிவிட வேண்டும். வெளிச்சம் முழுசும் அவன்மேல் விழ வேண்டுமே! மறந்தவனுக்கு அடுத்த நாடகத்தில் வேஷம் கிடையாது. மேடையை விட்டு சினிமாவுக்கு வந்து ஒன்பது படமாகிவிட்டது, இந்தப் பாழாய்ப்போன கால் மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது.

ஒன்பதில் ஆறு படத்தில் நீதிபதி, மூன்றில் டாக்டர். அதனால்தான் தெருவில் போனால் "ஜட்ஜய்யா" என்று கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. எங்கே போட்டார்கள், தெரிவதற்கு? திரையில் கடைசியாக "மற்றும் பலர்" என்று வருமே, அது இவர்தான். இந்தப் படத்தில்தான் தகப்பன் வேஷம். மகனை வீட்டை விட்டு விரட்டும் இந்த ஒரு காட்சியில் அவர் முகம் நன்றாக விழுந்துவிட்டால், பெயரைத் தனியாகப் போடுவதாகப் பட முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அழகைப் பார்க்கத்தான் மனைவியையும் கூட்டி வந்திருந்தார்.

எட்டாவது முறையும் கால் பின்னால் போனது. மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவளும் அதே கம்பெனியில் தோழி வேஷம் கட்டியவள்தான்.

"மகனா நடிக்கிறவன் 'அப்பா'ன்னதும் கால் ஓடுதே, அவன் என்ன உங்கள அடிக்கவா போறான்?"

"எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கிட்டுப் போய் உக்காரு!" என்று எரிந்து விழுந்தார். விழுந்த மறுகணமே தன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

தச்சரைக் கூப்பிட்டார். "அண்ணே, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு கட்டைய வச்சு ஆணி அடிச்சு விடுங்க. இந்தச் சனியன் எப்படி நகருதுன்னு பாத்துடலாம்."

தச்சர் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒப்பனை அறைக்குப் போய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். எதிரே இருந்த விளக்குகளால் கண் கூசியது. அவற்றுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

"அப்பா..." என்றான் கதாநாயகன். குதிகால் கட்டையில் இடித்து நின்றது.

"இந்த வீட்டில் உனக்குத் தகப்பன் இல்லை. வாசலில் ஒரு கிழவன் நிற்பான். அவனிடம் வழி கேட்டுக்கொண்டு போ."

குரல் அவருக்கே புதிதாக இருந்தது. ஒரு கதாநாயகனுக்கு இத்தனை பக்கத்தில் நின்று அவர் பேசியதே இல்லை. எதிரே அந்தப் பையன் நிஜமாகவே அழுதான். டைரக்டர் ஓடி வந்து கதாநாயகனைக் கட்டிக்கொண்டார்.

"பின்னிட்டீங்க! கண்ணீர் அப்படியே விழுந்திருக்கு!" பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க உள்ள போனப்பவே கேமராவ அவர் பக்கம் திருப்பிட்டோம். உங்க குரல் மட்டும் போதும். பிரமாதமா வந்திருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, தம்பி?"

"சொன்னா மறுபடியும் பதறுவீங்கன்னுதான்..."

"என் மூஞ்சிய ஒரே ஒரு தடவ எடுங்க. இப்பதான் கட்ட இருக்கே."

"அடுத்த படத்துல பாத்துக்கலாம்யா. எல்லாரும் சாப்பிடப் போங்கப்பா!"

அந்த டைரக்டர் பொடியனைத் திட்டுவதா, காலைத் திட்டுவதா? கேமராவின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். விளக்குக்காரர் சுவரோரம் கைவைத்தபோது, "அந்த ஒண்ண மட்டும் அணைக்காதய்யா" என்றார் ஜட்ஜய்யா. அவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த விளக்கை எரியவிட்டு வெளியே போனார்.

மனைவி முக்காலியை விட்டு எழுந்து வந்து, மூடிக்கிடந்த கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

"ம், சொல்லுங்க."

ஜட்ஜய்யா தலையை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார். வசனத்தின் முதல் வார்த்தை ஞாபகம் வரவில்லை.